சாயங்காலம் வரை நின்ற சார்ஜ்

பிப்ரவரி 3, திங்கள்

பெட்டி இன்றைக்கும் மதியத்துக்குள் செத்துவிட்டது.

பெட்டி என்றால், மேலே பாப்பா அழுதால் கீழே சமையல்கட்டில் இருக்கிற எனக்குக் கேட்கிற பெட்டி. என் மகன் பூபதியின் சிநேகிதன் ஒருத்தன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு மேலே தொட்டில் பக்கத்தில் சுவரிலேயே சொருகி இருக்கிறது, அதற்கு எப்போதும் கரண்டு. இன்னொன்றை நான் இடுப்பில் சொருகிக்கொண்டு வேலை பார்ப்பேன். அதற்குச் சுண்டுவிரல் தண்டியில் இரண்டு பேட்டரிக் கட்டை. தூக்கிப் போடுகிற கட்டை இல்லை, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற கட்டை. அதைத்தான் ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டு வைக்கிறேன், காலையில் பச்சை விளக்கு எரிகிறது, எடுத்து மாட்டினால் சாம்பாருக்குப் பருப்பு வேகிற நேரம் கூட நிற்கமாட்டேன் என்கிறது.

ஓசூரில் என் மகன் வாங்கின வீடு மேலும் கீழுமாகக் கட்டினது. என் முழங்காலுக்கு அந்தப் படி ஆகவில்லை. காலையில் ஒரு தடவை ஏறிப் பாப்பாவைக் குளிக்கவைத்துவிட்டு இறங்கினால், மறுபடி விளக்கு வைக்கிற நேரம்தான். அதனால் அந்தப் பெட்டிதான் எனக்குக் காது.

எங்கள் ஊர் கோபியில் மாவு மில் வைத்திருந்தவள் நான். என் வீட்டுக்காரர் போன பிறகும் மோட்டாரை நானே போட்டு நானே நிறுத்தினேன். பெல்ட் நழுவினால் ஆளைக் கூப்பிட மாட்டேன். அஞ்சாங்கிளாஸ்தான் படித்தது என்றாலும் கரண்டு ஒருநாளும் என்னை ஏய்த்தது கிடையாது. இந்தச் சுண்டுவிரல் கட்டை ஏய்க்கிறது.

மருமகள் யமுனாவுக்கு வைத்த பத்தியக் குழம்பு தட்டு மூடினது மூடினபடியே கீழே வந்தது.

பிப்ரவரி 5, புதன்

தலைப்பிரசவம் என்றால் பொண்ணு அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். யமுனாவுக்கு அம்மா இல்லை. காலேஜ் படிக்கிறபோதே தவறிவிட்டார்களாம். கரூரில் அப்பாவும் அண்ணனும் மட்டும். ஆம்பளைகள் இரண்டு பேர் பிள்ளை பெற்றவளுக்கு என்ன பார்க்க முடியும். நானே வந்துவிட்டேன். மாமியார் வந்து மருமகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிறது எங்கள் பக்கம் யாரும் செய்யாதது. நான் செய்கிறேன். மில்லை மூடிப் பூட்டிவிட்டு வந்து செய்கிறேன்.

பாப்பாவுக்கு இது மூணாம் மாசம். ஆதிரை என்று பெயர். எங்கள் வீட்டு மூக்கு.

யமுனாவைப் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன். தலை சீவமாட்டாள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. பாப்பா கத்தினாலும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்புகிறாள். பால் பத்தவில்லை, பூண்டு சாப்பிடு, கருவாடு சாப்பிடு என்று தினம் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "சரிங்கத்தை" என்பாள். எம்.எஸ்சி. படித்த பொண்ணு. ஒரு குழந்தையைத் தூக்கத் தெரியவில்லை. நான் வாங்கித் தோளில் போட்டால் உடனே அடங்கிவிடுகிறது. அதைப் பார்த்தாவது ரோசம் வர வேண்டாமா.

எப்படி இருக்கிறே என்று பூபதி கேட்டால், நல்லா இருக்கேன் என்று மட்டும் ஒழுங்காகச் சொல்கிறாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

பகீர் என்று ஆகிவிட்டது இன்றைக்கு.

எங்கள் காலத்தில் டார்ச்சு லைட்டுக் கட்டை மங்கினால் வெயிலில் காயவைப்போம். உரல் பக்கம் வரிசையாக அடுக்கி வைத்தால் சாயங்காலம் ஒரு சுற்று எரியும். ரேடியோவுக்கும் அப்படித்தான். அதை நினைத்து இந்தக் கட்டைகளையும் பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். சார்ஜும் ஏற்றி வெயிலும் கொடுத்தால் இரட்டைப் பலம் என்று என் கணக்கு. வெயில் ஏறினதும் போய்த் தொட்டேன். மேல்தோல் சுருங்கி விட்டிருந்தது. ஒன்றில் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்தமாதிரி எதுவோ கக்கியிருந்தது. விரலில் பட்டு எரிந்தது.

கையைக் கழுவிவிட்டு, வெயிலில் வைக்காமல் மாற்றுக்கு வைத்திருந்த கட்டைகளை சார்ஜரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தோசைக்கல் மாதிரி சுட்டது. பிடுங்கிவிட்டேன். ராத்திரி பூரா இதைப் போட்டுவிட்டு நாம் தூங்குகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பிப்ரவரி 8, சனி

பூபதி விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, கட்டையை வத்தல் மாதிரி காயப் போட்டியா நீயி" என்று. சிரிக்கட்டும். வாரம் முழுக்க கம்பெனியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவன்.

இந்தச் சார்ஜரை அவன் எங்கே வாங்கினான் என்று கேட்டேன். போனில், ஏதோ கட்டையோடு சேர்த்து இலவசமாக வந்ததாம். இன்னொன்று போனிலேயே போட்டுவிடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். மோட்டார் வாங்கினபோது கோயமுத்தூருக்கு நானே போய், ஓடவிட்டுச் சத்தம் கேட்டு வாங்கினவள். தொட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டேன்.

அந்தச் சார்ஜரைச் சோதித்தும் பார்த்தேன். ஒரு கட்டை மட்டும் போட்டால் விளக்கே வருவதில்லை. இரண்டு போட்டால்தான் வருகிறது. நிறைந்த கட்டையும் காலிக் கட்டையும் ஜோடி போட்டாலும் அதே நேரத்துக்குப் பச்சை காட்டுகிறது. அது எப்படி முடியும்.

யமுனா இன்றைக்குக் குளிக்கவில்லை. கேட்டதற்கு மறந்துட்டேன் என்கிறாள். குளிப்பதை மறப்பார்களா.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பாப்பாவைக் குளிக்கவைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் தளி ரோட்டுக்குப் போனேன். எலக்ட்ரிக் கடை. கடைக்காரர் பெயர் சம்சுதீன், ஐம்பது வயசிருக்கும். நான் பையிலிருந்து சுருங்கின கட்டையை எடுத்து வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"இதை நெருப்புல கிருப்புல போட்டீங்களாம்மா?"

வெயில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்கிறமாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

பழைய சார்ஜரைக் காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பச்சை விளக்கு கட்டை நிறைந்ததா என்று பார்ப்பதே இல்லையாம். போட்டு இத்தனை மணி நேரம் ஆனால் பச்சை எரி என்று மட்டும் அதற்குள் வைத்திருக்கிறார்களாம். பச்சை எரிந்த பிறகும் கரண்டை நிறுத்தாதாம், உள்ளே ஏற்றிக்கொண்டே இருக்குமாம். அதனால்தான் சூடு, அதனால்தான் கட்டை சீக்கிரம் சாகிறது. இத்தனை நாள் பச்சையைப் பார்த்து நம்பி மாட்டினேனே என்று எரிச்சலாக வந்தது.

வேறு மூன்று சார்ஜர் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டேன். பின்னால் ஆள் நின்றார்கள், நிற்கட்டும். முதலாவது ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடும் என்றார். மில்லில் அவசரமாக அரைத்தால் மாவு சூடாகிக் கெட்டுப்போகும், இதற்கும் அப்படி உண்டா என்றேன். சிரித்துவிட்டு, "உண்டும்மா. வேகமா ஏத்தினா சூடு, சூடு வந்தா கட்டைக்கு ஆயுசு கொறையும்" என்று அதை ஓரமாக நகர்த்தினார். இரண்டாவது மறுபடியும் ஜோடி ஜோடியாகத்தான் ஏற்றும். அதுவும் வேண்டாம் என்றேன். மூன்றாவதில் நாலு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரு கட்டை மட்டும் போட்டாலும் ஏற்றும். சின்ன ஜன்னல் மாதிரி ஒன்றில் எந்தக் கட்டை எவ்வளவு நிறைந்தது என்று கோடு கோடாகக் காட்டும். நிறைந்தால் தானே நிறுத்திவிடும். கெட்டுப்போன கட்டையைப் போட்டால் ஏற்றவே ஏற்றாது, குறுக்கே கோடு போட்டுக் காட்டிவிடும். பெரிய கட்டை சின்னக் கட்டை இரண்டும் போடலாம்.

அதையே கொடுங்கள் என்றேன். விலையைக் கேட்டதும் ஒரு நிமிஷம் மூச்சு நின்றது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

கட்டையும் நாலு புதுசு வாங்கினேன். மேலே போட்டிருக்கிற பெரிய நம்பரைப் பார்த்து வாங்காதீங்க, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்காத ஜாதி என்று ஒன்று உண்டு என்று அதை எடுத்துக் கொடுத்தார். பழசையும் புதுசையும் ஒரே பெட்டியில் கலந்து போடக் கூடாது. தூக்கிப் போடுகிற சாதாரணக் கட்டையைத் தவறிக்கூட சார்ஜரில் வைக்கக் கூடாது, வெடித்துவிடும். கை பொறுக்கிற சூடு இருக்கலாம், பொறுக்காத சூடு என்றால் பிடுங்கிவிட வேண்டும்.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது வாசலுக்கே பாப்பாவின் அழுகை கேட்டது. இந்த முழங்காலோடு ஏறினேன். யமுனா தொட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கை மடியில். "எவ்வளவு நேரமாக் கத்துது" என்றேன். "தெரியலீங்கத்தை" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், மாடுகூடக் கன்னு கத்தினால் திரும்பிப் பார்க்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்னால்தானே தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

புதுச் சார்ஜரின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கோடு ஒன்று, இரண்டு என்று ஏறினது. மூன்றாவது பள்ளத்துக் கட்டை மற்றதற்கு முந்தி நிறைந்தது, அது மட்டும் தானாக நின்றது, மற்றது ஓடிக்கொண்டிருந்தது. தொட்டால் அப்போது இட்ட கோழிமுட்டைச் சூடுதான். பழைய கட்டைகளைப் போட்டேன். குறுக்கே கோடு. அத்தனையும் செத்தது.

பூபதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

நின்றது. காலையில் மாட்டினது விளக்கு வைக்கிற நேரம் வரை நின்றது. மதியம் தூங்குகிற பாப்பாவின் மூச்சுகூடக் கேட்கிறது, பூனைக்குட்டி மாதிரி. நான் கீழே கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜோடி மாற்றி ஜோடி, ஒன்று இடுப்பில் இருந்தால் ஒன்று சார்ஜரில்.

பூபதியிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன். கோபிக்குப் போன் போட்டு என் தங்கச்சியிடமும் சொன்னேன். யமுனாவிடம் சொல்லவில்லை. அவள்தான் கீழே இறங்கியே வரவில்லையே.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. கட்டை நன்றாக நிற்கிறது.

பிப்ரவரி 15, சனி

நேற்று எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய்.

நேற்று மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் பெட்டி. பாப்பா சிணுங்கினது, பிறகு யமுனாவின் குரல் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. பாப்பாவிடம் பேசுகிறாள். கொஞ்சுகிறாளாக்கும் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"உங்கப்பத்தா நல்லாப் பாத்துக்குவாங்க பாப்பா. அவங்க தூக்கினா நீ அழுகறதே இல்ல. என்ற பாலும் பத்தறதில்ல. நான் மாட்டை விடக் கேடுன்னு அவங்களுக்கே தெரிஞ்சு போச்சு."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. கடுகு கருகிப் புகை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

நான் எதற்காகச் சொன்னேன்? அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். பெற்ற பிள்ளை மாதிரி நினைத்துத்தான் சொன்னேன். அதை இப்படியா எடுத்துக்கொள்வது. அடுத்தவர் பேசுகிறதை ஒட்டுக் கேட்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. பெட்டியைத் திறந்து கட்டை இரண்டையும் எடுத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

எடுப்பதற்கு முந்தி இன்னும் கொஞ்சம் பேசினாள். அதை எழுதவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூபதி வீட்டில் இருந்தான். நாள் முழுக்க யமுனா பக்கத்திலேயே இருந்தான், பாப்பாவுக்குப் பாட்டுப் பாடினான். யமுனா சிரிக்கக்கூடச் செய்தாள். நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் அவன் கை கழுவ வந்தபோது, யமுனாவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பட்டும் படாமலும் கேட்டேன். "தூக்கமில்லைம்மா அவளுக்கு, அவ்வளவுதான்" என்றான்.

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். நான் செத்தால் என்னோடு அது போகக் கூடாது. அவள் சொன்னது இது:

"அம்மா இல்லாட்டியும் பிள்ளைங்க வளந்துரும் பாப்பா. நான் வளரலையா? ரெண்டு நாள் அழுகுவே. அப்பறம் மறந்துருவே. நான் போயிட்டா எல்லாருக்கும் லேசாயிரும்."

வெள்ளிக்கிழமை கேட்டேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் நேற்று ஒரு நாள் பூரா நான் கோபித்துக்கொண்டு கட்டையை டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பூபதி வேலைக்குப் போய்விட்டான். போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே பஸ் வந்துவிட்டது.

மூன்று தடவை படி ஏறி இறங்கினேன். எதற்கு வந்தீங்க என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துணி எடுக்க வந்தமாதிரி வந்தேன். அவள் சோறு சாப்பிட்டாள், தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆறுதலாகிவிட்டது. முட்டாள்தான் நான்.

மதியம் கீழே உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பேச்சு இல்லை. பீரோ திறக்கிற சத்தம் வந்தது. வளையல் சத்தம் வந்தது. பிறகு எதையோ மேஜை மேல் வைக்கிற சத்தம். அப்புறம் ரொம்ப மெதுவாக, "அப்பத்தா இப்ப வந்துருவாங்க, என்ன? அழுகாமப் படுத்திரு."

நான் வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லையே.

படியை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினேன். கட்டிலில் பாப்பாவைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் தலையணை அணை கொடுத்திருந்தாள். மாற்றுத் துணி மடித்து அடுக்கியிருந்தது. பால் பாட்டில் கழுவி வைத்திருந்தது. பாப்பா தலைமாட்டில் அவளுடைய போன். அதன் பக்கத்தில் தாலிக்கொடி. கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் செத்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி ஆகவில்லை.

யமுனா தலை சீவிப் பின்னி, பெயர் வைத்த அன்றைக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டி, கதவுக்கு நேராக நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"எங்க கண்ணு கெளம்பீட்டே?"

"தெரியலீங்கத்தை."

கத்தவில்லை, அழவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிறமாதிரி சொன்னாள். அதுதான் என்னை வெலவெலக்க வைத்தது.

அப்படியே வாசற்படியில், நிலைக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு எந்திரிக்க முடியாது கண்ணு. நீ போறதுன்னா என்னையத் தாண்டித்தான் போகோணும்" என்றேன். உட்கார்ந்திருக்கிற பெரியவர்களைத் தாண்டமாட்டாள். எந்தப் பொண்ணும் தாண்டமாட்டாள். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது.

அவள் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் இடுப்பைப் பார்த்தாள்.

"மதியத்துக்குள்ள பெட்டி நின்னு போயிருமே அத்தை."

"இப்ப நிக்கறதில்லை. நல்ல சார்ஜரா வாங்கிட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

"அப்ப எல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் அம்மா வீடு என்று ஒன்று இருந்திருந்தால் அங்கே யார் மடியிலாவது விழுந்து அழுதிருப்பாள். இங்கே பெட்டி செத்த நேரம் பார்த்துப் பச்சைக் குழந்தையிடம் அழுதிருக்கிறாள். அந்த நேரத்தையும் நான் விடவில்லை.

"பாப்பா அழுதா எனக்கு ஒண்ணுமே தோணறதில்லீங்கத்தை. கல்லு மாதிரி இருக்குது. எனக்கு என்ன ஆச்சுங்க?"

என்னிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். கோபியில் எல்லோரும் கேட்பார்கள்.

"எனக்குத் தெரியலை கண்ணு" என்றேன். "தெரிஞ்சவங்ககிட்டப் போலாம். இப்பவே போலாம்."

போனை எடுத்துப் பூபதிக்குப் போடு என்றேன். அவள் போடவில்லை. நான்தான் தவழ்ந்து போய் எடுத்தேன். அவன் வருகிற வரைக்கும் அவள் கையை விடவில்லை. அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற லேடி டாக்டர். யமுனாவிடம் தனியாகப் பேசினார், பிறகு பூபதியை, பிறகு என்னை.

இது பிள்ளை பெற்ற பிறகு வருகிற வியாதியாம். நிறையப் பேருக்கு வருகிறதாம். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை, ஜுரம் மாதிரி இதுவும் ஒரு வியாதி, மாத்திரை உண்டு, குணமாகும் என்றார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடுகிற மாத்திரைதானாம். ராத்திரி அவள் தூங்க வேண்டும், வேறு யாராவது எழுந்து பாப்பாவைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடக் கூடாது. அந்த நினைப்பு வந்தால் உடனே வாய் திறந்து கூப்பிட வேண்டும் என்று அவளிடம் சத்தியம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

இத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற கையோடு கிணற்றில் போய் விழுந்த மாரக்காள் என்ற பொண்ணைப் பேய் பிடித்தது என்றுதான் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

டாக்டரம்மா என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். அதை இதில் எழுதப்போவதில்லை.

வரும் வழியில் மருந்துக்கடையில் பால் பவுடர் டப்பா ஒன்று நானே கேட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 22, சனி

பூபதி லீவு போட்டிருக்கிறான். மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறது. வேறு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. வாரக் கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார்.

கட்டிலைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டோம். யமுனா பூபதியிடம் ஒன்று கேட்டிருக்கிறாள், அவன் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னான். பெட்டி வேண்டாமாம். யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று இருக்கிறதாம்.

எனக்குத் திக்கென்றது. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் திங்கட்கிழமை என்ன ஆகியிருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சரி என்றேன். மேலே சுவரில் இருந்ததையும் கழற்றச் சொன்னேன். கட்டைகளைச் சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் போட்டுவிட்டேன். ரிமோட்டில் நன்றாக நிற்கிறது.

மார்ச் 1, சனி

பாப்பா ராத்திரி என் பக்கத்தில். பவுடர் பால் நன்றாகக் குடிக்கிறது. நேற்று யமுனா ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு வாயை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பூபதி போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறான். இன்றைக்குக் காலையில் அவள் மேலே போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்றாள். நானும் வரட்டுமா என்றேன். குளிக்கத்தானேங்கத்தை என்றாள். பாப்பா என் தோளில். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் படி ஏறுகிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மில்லில் மோட்டார் திடீரென்று நின்றால் காது ஙொய் என்று இரையும், அப்படி இரைந்தது. போகலாமா என்றும், போனால் காவல் காக்கிறேன் என்று நினைப்பாளோ என்றும், முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன்.

"அத்தை!"

இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் இத்தனை உரக்க என்னைக் கூப்பிட்டதில்லை.

"அத்தை, மேல வர்றீங்களா? எனக்குப் பயமா இருக்குது."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாப்பாவை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினேன். ஏறும்போதே "வர்றேன் கண்ணு, வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். கட்டில் இல்லாத அந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள், ஈரத் தலையோடு. அந்த நினைப்பு வந்ததாம். வந்தால் கூப்பிடச் சொன்னார்கள், அதனால்தான் கூப்பிட்டேன் என்றாள், ஏதோ மன்னிப்புக் கேட்கிறமாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, நீட்டிக்கொண்டேன். பாப்பாவைக் கொடுங்கள் என்று அவள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. ஒரு துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன். அதற்கு மட்டும் தலையைக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. என் கையில் சோறு ஒருநாளும் அடிப்பிடித்தது கிடையாது.

"போய் அணைச்சுட்டு வாங்கத்தை" என்றாள்.

"நீயும் வந்தா போலாம்" என்றேன்.

யோசித்தாள். வாசம் இன்னும் ஏறினது. பிறகு எழுந்து, எனக்கு எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.